ஈரத்தில் கெட்ட பட்டையைப் பற்றி முதலீட்டாளரிடம் சொல்லலாமா?

கேள்வி: மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் முடித்து, நண்பர்கள் இருவருடன் சென்னையில் சிறு நிறுவனம் நடத்துகிறேன். சொந்த ஊர் வேதாரண்யம் பக்கம். அப்பா இறால் பண்ணை வைத்து நொடித்தவர். வனாமி இறாலின் வளர்ச்சியை முடக்கும் ஈ.எச்.பி. ஒட்டுண்ணியைக் குளக்கரையிலேயே நாற்பது நிமிடத்தில் காட்டும் பரிசோதனைப் பட்டையை உருவாக்கியிருக்கிறோம். உயிரித் தொழில்நுட்பத் தொழில்முனைவோருக்கு நிதி தரும் மத்திய அரசின் பைராக் அமைப்பு கொடுத்த மானியம் 50 லட்சம் ரூபாய் தீர்ந்துவிட்டது. 40 மாதிரிகளைச் சோதித்ததில் 38 முடிவுகள், ஆய்வகத்தில் மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனையின் முடிவோடு ஒத்துப்போயின. இப்போது 3 கோடி திரட்ட முயல்கிறோம். பதினொரு முதலீட்டாளர்களைப் பார்த்துவிட்டேன். எல்லோரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நன்றாக இருக்கிறது, பிறகு பார்க்கலாம்" என்கிறார்கள். போன ஐப்பசி மழையில் ஒரு தொகுதிப் பட்டைகள் ஈரம் ஏறித் தவறான கோடு காட்டின. அதை வெளியே சொல்ல வேண்டாம் என்கிறார் ஒரு நண்பர். எல்லா இறால் நோய்களையும் கண்டறியும் தொழில்நுட்பம் என்று பெரிதாகச் சொல்லச் சொல்கிறார் இன்னொருவர். ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ஆளுக்கு ஐம்பதாயிரம் தருவார்கள் என்கிறார் மாமா. ரகசிய ஒப்பந்தம் கேட்டால் ஒருவரும் கையெழுத்திடுவதில்லை. முதலீட்டாளர்களிடம் எப்படித்தான் பேசுவது?
— வாசகி, சென்னை

அன்புள்ள சகோதரிக்கு,

ஈரத்தில் பட்டை கெட்டதைச் சொல்லுங்கள். முதல் சந்திப்பிலேயே, அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள். உங்கள் மற்றக் கேள்விகளுக்கான பதில்கள் பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன என்பதால் இதை முதலில் வைக்கிறேன்.

எட்டு ஆண்டுகள் ஆய்வகத்தில் இருந்தேன். அதன்பின் பத்து ஆண்டுகள், உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்களில் பணம் போடும் ஒரு நிதியில், உங்களைப் போல வருபவர்களின் பேச்சைக் கேட்பதே என் வேலையாக இருந்தது. அதற்கும் முன்னால், பணம் கேட்டு நானே அலைந்த காலம் ஒன்று உண்டு. எங்கள் நொதித் தயாரிப்பில் ஒரு தொகுதி கிருமித் தொற்றால் வீணானது. பேச்சுவார்த்தை முடியும் தறுவாயில் இருந்த முதலீட்டாளரிடம் அதை நான் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஆய்வகத்தைப் பார்க்க வந்தவர், கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்த உதவியாளரிடம் இயல்பாக ஏதோ விசாரிக்க, அந்தப் பெண் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டார். அவர் கோபப்படவில்லை. "உங்கள் தொகுதி கெட்டதில் எனக்கு வருத்தமில்லை. இனி நீங்கள் சொல்லும் ஒவ்வொரு எண்ணையும் நான் இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டியிருக்குமே" என்று மட்டும் சொன்னார். பேச்சு அன்றோடு நின்றது. அவர் சொன்னது முற்றிலும் சரி என்பதைப் பிற்பாடு அவர் செய்த வேலையை நானே செய்தபோதுதான் உணர்ந்தேன்.

மென்பொருள் நிறுவனம் என்றால் முதலீட்டாளர் தானே அதைத் திறந்து பயன்படுத்திப் பார்த்துவிடலாம். உங்கள் பட்டையின் வேதியியலை அவரால் அப்படிச் சோதிக்க முடியாது. அவருடைய கண்ணும் காதும் நீங்கள்தான். எனவே உங்கள் தொழில்நுட்பத்தை எடைபோடும்போதே, கெட்ட செய்தி வரும் நாளில் இவர் நம்மிடம் எப்படி நடந்துகொள்வார் என்பதையும் அவர் எடைபோடுகிறார். பட்டை கெட்ட கதை அதற்கு முதல் மாதிரி. எப்போது கெட்டது, எத்தனை பட்டைகள், காரணம் இன்னது என்று எப்படி உறுதிசெய்தீர்கள், உறையை மாற்றி ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் வைத்த பிறகு என்ன ஆயிற்று: இந்த நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். மாற்றிய உறையை இன்னும் மழைக்காலத்தில் சோதிக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். கடலோரப் பண்ணையில் ஈரம் படும் என்பது ஊரறிந்த விஷயம். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத விளக்கத்தைப் பார்த்தால், இவர் குளக்கரைக்குப் போனதே இல்லை போலிருக்கிறது என்றுதான் நான் நினைத்திருப்பேன்.

பெரிதாகச் சொல்லச் சொல்லும் நண்பரின் யோசனைக்கு என் பதில் கடுமையானது. தெரனோஸ் நிறுவனத்தின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2003-இல் எலிசபெத் ஹோம்ஸ் தொடங்கியது. விரல் நுனியின் சில துளி ரத்தத்தில் ஏராளமான பரிசோதனைகளைச் செய்துவிடலாம் என்று சொல்லி 70 கோடி டாலருக்கு மேல் திரட்டினார்கள். அவர்களுடைய கருவியால் செய்ய முடிந்த பரிசோதனைகள் மிகச் சில. மற்றவற்றை வேறு நிறுவனங்களின் கருவிகளில் செய்துகொண்டிருந்தார்கள். வழக்கு விசாரணையில் வெளிவந்த ஒரு விவரத்தை மட்டும் நினைவில் வையுங்கள். தாங்களே எழுதிய அறிக்கையின் தலைப்பில் ஃபைசர் போன்ற மருந்து நிறுவனங்களின் சின்னங்களை ஒட்டி அனுப்பியிருந்தார்கள். பார்த்தவர்கள் அந்த நிறுவனங்களே சான்று தந்ததாக எடுத்துக்கொண்டார்கள். 2022 ஜனவரியில், முதலீட்டாளர்களை ஏமாற்றியது தொடர்பான நான்கு குற்றச்சாட்டுகளில் ஹோம்ஸ் குற்றவாளி என்று தீர்ப்பானது; பதினோரு ஆண்டுகளுக்கு மேல் சிறைத்தண்டனை கிடைத்தது. நீங்கள் அந்த வழியில் போகிறவர் இல்லை என்று உங்கள் கடிதமே சொல்கிறது. ஆனால் அந்த வழி ஒரு சின்னத்தில்தான் தொடங்குகிறது. உங்கள் விளக்கப் படங்களில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் சின்னம் இருந்தால், அவர்கள் உங்களுக்கு எழுத்தில் என்ன தந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நீங்கள் அங்கே ஒரு பயிற்சிக்குப் போய்வந்தது மட்டும்தான் தொடர்பு என்றால் அந்தச் சின்னத்தை இன்றே எடுத்துவிடுங்கள்.

அடுத்து உங்கள் 38. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் பதினொரு பேரும் நழுவிய இடம் இதுவாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன்.

"40-இல் 38, அதாவது 95 சதவீதத் துல்லியம்" என்று சொல்லியிருப்பீர்கள். அந்த நாற்பதில் நோயுள்ள மாதிரி எத்தனை, நோயற்றது எத்தனை? தவறிய இரண்டும் நோயைக் கோட்டைவிட்டவையா, இல்லாத நோயைக் காட்டியவையா? இந்த இரு தவறுகளுக்கும் விலை வெவ்வேறு. அதோடு, நாற்பது என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. 38/40 என்ற முடிவை வைத்துப் புள்ளியியல்படி கணக்கிட்டால், உண்மையான துல்லியம் ஏறத்தாழ 83 சதவீதத்திலிருந்து 99 சதவீதம் வரை எங்கும் இருக்கலாம். விஷயம் தெரிந்தவர் இந்தக் கணக்கை மனத்துக்குள் போட்டுவிட்டு, உங்கள் முகத்துக்கு நேரே சொல்லாமல் "பிறகு பார்க்கலாம்" என்று எழுந்துவிடுவார்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பட்டை இரு பக்கமும் 95 சதவீதம் சரியாகக் காட்டுகிறது என்றே வைத்துக்கொள்வோம். மரக்காணம் பக்கத்துக் குஞ்சு பொரிப்பகங்களுக்கு விற்கப் போகிறீர்கள். அங்கே 1000 குஞ்சுத் தொகுதிகளில் 20-இல் மட்டும் தொற்று இருந்தால், உங்கள் பட்டை அவற்றில் 19-ஐப் பிடிக்கும். நோயற்ற 980-இல் 49-ஐயும் சேர்த்து நோய் என்று காட்டும். மொத்தம் 68 தொகுதிகளுக்குக் கோடு விழும். அவற்றில் உண்மையான நோய் 19. பொரிப்பகக்காரர் உங்களை நம்பிக் கொட்டும் குஞ்சுகளில் பெரும்பகுதி நல்ல குஞ்சுகளாக இருக்கும். இரண்டாம் முறை அவர் உங்கள் பட்டையை வாங்க மாட்டார். இப்போது அதே பட்டையை, இறால் வளராமல் நிற்கும் குளங்களுக்கு எடுத்துச் செல்லுங்கள். அப்படிப்பட்ட 1000 குளங்களில் பாதியில் ஈ.எச்.பி. இருந்தால், நோயுள்ள 500-இல் 475 குளங்களுக்குச் சரியாகக் கோடு விழும், நோயற்ற 500-இல் 25-க்குத் தவறாகக் கோடு விழும். கோடு விழுந்தால் இருபதில் பத்தொன்பது முறை அது உண்மை. பட்டை ஒன்றுதான். கையில் எடுப்பவர் மாறினால் அதன் பயன் மாறிவிடுகிறது.

இந்தக் கணக்கை முதலீட்டாளர் முன்னால் நீங்களே போட்டுக் காட்டுங்கள். முதலில் வளர்ச்சி நின்ற குளங்களுக்கு, நோயற்றதை நோய் என்று காட்டும் தவறு வெகுவாகக் குறைந்த பிறகே பொரிப்பகங்களுக்கு என்று நீங்கள் வரிசைப்படுத்தினால், அதுவே உங்கள் வியாபாரத் திட்டம் ஆகிவிடும். சந்தையின் அளவு இத்தனை ஆயிரம் கோடி என்று காட்டும் படத்தைவிட இது பல மடங்கு வலுவானது. ஆந்திரக் குளங்கள் அத்தனையும் உங்கள் சந்தை என்று சொல்வதைவிட, பீமாவரத்தில் நான்கு பண்ணைக்காரர்கள் பட்டைக்கு என்ன விலை தரத் தயார் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்ததைச் சொல்லுங்கள்.

விலையைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறக்க வேண்டாம். வெண்புள்ளி நோய் வந்தால் சில நாள்களில் குளமே காலியாகிவிடும். அந்தப் பயத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஈ.எச்.பி. அப்படிக் கொல்வதில்லை. இறால் உயிரோடுதான் இருக்கும், தீவனம் இறங்கிக்கொண்டே இருக்கும், எடை மட்டும் ஏறாது. அதற்கு உறுதியான மருந்தும் இல்லை. "மருந்தே இல்லாத நோயைக் கண்டுபிடித்து என்ன பயன்?" என்று ஒருவராவது உங்களைக் கேட்டிருப்பார். சீக்கிரம் தெரிந்தால் தீவனச் செலவை நிறுத்தி முன்னதாகவே அறுவடை செய்யலாம், அடுத்த முறை குஞ்சு விடுவதற்கு முன் குளத்து மண்ணைச் சுத்தப்படுத்தலாம் என்பது உங்கள் பதில். இதை அப்பாவின் குளத்துக் கணக்கை வைத்தே சொல்லுங்கள். எந்த மாதம் எத்தனை மூட்டை தீவனம் வீணானது என்று அவருக்கு நினைவிருக்கும். குடும்பத்தின் கஷ்டத்தைச் சொல்லி இரக்கம் தேடுவதாக யாரும் நினைக்க மாட்டார்கள். மூட்டைக் கணக்கு மூட்டைக் கணக்குதான்.

இனி 3 கோடி. எதற்கு என்று கேட்டால், "ஆய்வு, உற்பத்தி, விற்பனை, ஆட்கள்" என்று வட்டம் வரைந்து பிரித்துக் காட்டியிருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் காட்டுகிறார்கள். அந்த வட்டத்தைத் தூக்கிவிட்டு, இந்தப் பணம் எந்தச் சந்தேகத்தை எந்தத் தேதிக்குள் தீர்க்கும் என்று எழுதுங்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஜெனன்டெக். 1976-இல் ராபர்ட் ஸ்வான்சன் என்ற 28 வயது இளைஞர், கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக விஞ்ஞானி ஹெர்பர்ட் போயரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கிப் போய், மூன்று மணி நேரம் பேசிவிட்டு வந்தார். பாக்டீரியாவைக் கொண்டு மனித இன்சுலின் தயாரிப்பதுதான் கனவு. கனவு முழுமைக்குமான பணத்தை அவர்கள் ஒரேயடியாகக் கேட்கவில்லை. முதலீட்டாளர் டாம் பெர்கின்ஸ் தரப்பு முதலில் ஒரு லட்சம் டாலர் மட்டும் போட்டது. சொந்த ஆய்வகம் கட்டுவதற்குப் பதிலாக, வேலையைப் பல்கலைக்கழகத்துக்கும் சிட்டி ஆஃப் ஹோப் ஆய்வு மையத்துக்கும் ஒப்பந்தத்தில் கொடுத்தார்கள். 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலினுக்கு முன்னால், 14 மட்டுமே கொண்ட சொமடோஸ்டேடின் என்ற சிறிய ஹார்மோனை எடுத்துக்கொண்டார்கள். பாக்டீரியா மனிதப் புரதத்தைச் செய்யுமா, செய்யாதா என்ற ஒற்றைக் கேள்விக்குக் குறைந்த செலவில் விடை காண்பதே நோக்கம். 1977-இல் விடை கிடைத்தது, 1978-இல் இன்சுலின் வந்தது, 1980-இல் பங்குச் சந்தைக்குப் போனார்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு சந்தேகம் விலகியது. விலகிய பிறகு நிறுவனத்தின் மதிப்பு உயர்ந்தது, அடுத்த பணம் வந்தது.

உங்களுக்கு எது சொமடோஸ்டேடின்? என் கணிப்பில், பட்டை ஒரு முழு மழைக்காலத்தைத் தாங்குமா என்பதுதான். மாதிரி எது என்று சோதிப்பவருக்கே தெரியாத வகையில், மூன்று இடங்களில், 400 மாதிரிகள். ஒப்பிட்டுப் பார்க்கும் பிசிஆர் சோதனையை வெளி ஆய்வகம் செய்யட்டும். இதற்கு எவ்வளவு ஆகும் என்று கணக்கிடுங்கள். 70, 80 லட்சத்தில் முடியும் என்றால், "3 கோடி தேவை, முதலில் 80 லட்சம் தாருங்கள், இந்த எண் வந்தால் மீதி" என்று கேட்கலாம். ஒரு எச்சரிக்கை: தவணையாக வாங்கும்போது நிபந்தனை எண்ணாக இருக்க வேண்டும், அதை வெளி ஆய்வகம் தீர்மானிக்க வேண்டும். "திருப்திகரமான முன்னேற்றம்" என்று ஒப்பந்தத்தில் எழுதினால், அந்தத் திருப்தி யாருடையது என்பதில் நிறுவனம் மூச்சுத் திணறிவிடும். நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

ரகசிய ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை, அவர்கள் மறுப்பதைக் குறையாக நினைக்காதீர்கள். ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான நிறுவனங்களைப் பார்ப்பவர் முதல் சந்திப்பில் அதில் கையெழுத்திட மாட்டார். உங்களுக்குப் பாதுகாப்பு அந்தக் காகிதத்தில் இல்லை, காப்புரிமை விண்ணப்பத்தில்தான் இருக்கிறது. தற்காலிக விண்ணப்பம் போட்டுவிட்டீர்களா? போட்டிருந்தால், அடுத்த 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம் போட வேண்டும் என்ற கெடுவைச் சுவரில் எழுதி வையுங்கள். போடவில்லை என்றால், இனி ஒரு சந்திப்புக்கும் போகாதீர்கள், மாநாட்டில் சுவரொட்டியும் வைக்காதீர்கள், முதலில் அதைப் போடுங்கள். பொதுவெளியில் வந்துவிட்டதைப் புதியது என்று பின்னர் நிறுவுவது பெரும்பாடு. விண்ணப்பம் போட்ட பிறகும், எந்த டிஎன்ஏ துண்டைக் குறிவைக்கிறீர்கள் என்ற வரிசையை முதல் சந்திப்பில் காட்டத் தேவையில்லை. பட்டை என்ன செய்கிறது என்பதைச் சொன்னால் போதும். எப்படிச் செய்கிறது என்பது, அவர் முதலீட்டுக்கு எழுத்தில் விருப்பம் தெரிவித்து, ஆய்வு செய்யும் கட்டத்தில் வரட்டும். அப்போது அவரே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவார். இன்னொன்று: நம் நாட்டுக் குளத்திலிருந்து எடுத்த உயிரியைப் பயன்படுத்தியிருந்தால், காப்புரிமைக்குப் பல்லுயிர்ச் சட்டத்தின் நடைமுறையும் உண்டு. தேசிய பல்லுயிர் ஆணையம் தரமணியில் டைசல் பூங்காவிலேயே இருக்கிறது. அந்தக் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று விவரம் தெரிந்த முதலீட்டாளர் கட்டாயம் கேட்பார்.

மாமாவின் யோசனையை அன்போடு மறுத்துவிடுங்கள். தனியார் நிறுவனம் தன் பங்குகளை வாங்கும்படி பொதுமக்களை அழைக்கக் கூடாது. 2013 நிறுவனச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு, தனிப்பட்ட முறையில் பங்கு வழங்குவதற்கு விளம்பரம் செய்வதையே தடுக்கிறது. ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் வழங்க முன்வரவும் முடியாது. வாட்ஸ்அப் குழுவில் போட்ட செய்தி எத்தனை கைகளுக்குப் போகும் என்று உங்களுக்கே தெரியாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஐம்பதாயிரம் போடும் உப்பளத் தொழிலாளிக்கு, இந்தத் துறையில் பத்தில் பல முயற்சிகள் முழுப் பணத்தையும் இழக்கும் என்று யார் எடுத்துச் சொல்வது? ஊரில் தலைகாட்ட வேண்டியவர் நீங்கள்.

"பிறகு பார்க்கலாம்" என்பதற்கு வருகிறேன். முதலீட்டாளர்கள் நேராக "வேண்டாம்" என்று சொல்வது அபூர்வம். அந்தச் சொல்லை இப்போதைக்கு வேண்டாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எழுந்திருப்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: "என்ன தெரிந்தால் உங்கள் பதில் மாறும்?" ஒழுங்கானவராக இருந்தால் ஒரு நிமிடம் யோசித்து, ஒரு பொருளைச் சொல்வார். "நானூறு மாதிரி" என்பார், அல்லது "பணம் கொடுத்து வாங்கிய ஒரு வாடிக்கையாளர்" என்பார். பதினொரு பேரில் ஏழு பேர் ஒன்றையே சொன்னால், உங்கள் அடுத்த ஆறு மாத வேலை எது என்று தெரிந்துவிடும். பொதுவாக எதையோ சொல்லி மழுப்புகிறவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

நீங்களும் அவரிடம் கேட்க வேண்டும். அவருடைய நிதி எந்த ஆண்டு தொடங்கியது? இப்படிப்பட்ட நிதிகள் பெரும்பாலும் எட்டு, பத்து ஆண்டுகளில் கணக்கை முடித்துப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியவை. ஏழாவது ஆண்டில் இருப்பவர் உங்களை எவ்வளவு ரசித்தாலும், உங்கள் பட்டை சந்தைக்கு வந்து நிலைக்கும் வரை அவரால் காத்திருக்க முடியாது. குறை உங்களுடையது இல்லை, அவருடைய நாள்காட்டியுடையது. உயிர் அறிவியல் துறையில் முன்பு பணம் போட்டிருக்கிறாரா என்பதையும் கேளுங்கள். போடாதவர் என்பதற்காக ஒதுக்கிவிட வேண்டாம். ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனத்தை 1993-இல் தொடங்கிய வரப்பிரசாத் ரெட்டி மின்னணுப் பொறியாளர். அவருக்குக் கைகொடுத்தவர் ஓமன் நாட்டு வெளியுறவு அமைச்சர். 1997-இல் அவர்களுடைய ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி வெளிவந்தது. தீவன வியாபாரத்தில் சம்பாதித்த ஒருவர், நகரத்து நிதி மேலாளரைவிட உங்கள் பட்டையை விரைவாகப் புரிந்துகொள்ளக் கூடும்.

சந்திப்புக்குப் பிறகும் எழுதிக்கொண்டே இருங்கள். நிதியில் இருந்தபோது, நாங்கள் மறுத்துவிட்ட இரு இளைஞர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் ஒரு பக்கக் கடிதம் அனுப்பினார்கள். போன கடிதத்தில் என்ன செய்வோம் என்று சொன்னோம், அதில் எது நடந்தது, எது நடக்கவில்லை, கையில் எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது. அவ்வளவுதான். இரண்டு கடிதங்களில் முழுக்கத் தோல்வி. ஒன்பதாவது கடிதத்துக்குப் பிறகு நாங்களாகவே கூப்பிட்டுப் பணம் போட்டோம். அதற்குள் அவர்களுடைய ஆய்வகத்தில் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தது போல எங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

உங்கள் முதல் கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்: "நீங்கள் மார்ச் மாதம் எங்கள் ஈ.எச்.பி. பட்டையைப் பார்த்தீர்கள். அப்போது 40-இல் 38 என்று சொன்னோம். நோயுள்ளவை, நோயற்றவை என்று பிரித்த விவரத்தை இத்துடன் இணைத்திருக்கிறோம். அன்று சொல்லாமல் விட்ட ஒன்றையும் எழுதுகிறோம்: அக்டோபர் மழையில் ஒரு தொகுதி ஈரத்தால் தவறியது. காரணம் உறை. மாற்றிய உறையில் ஆய்வக ஈரச்சோதனை முடிந்தது, களச்சோதனை இந்த மழையில் நடக்கும். அதன் முடிவை ஜனவரியில், எப்படி இருந்தாலும், உங்களுக்கு அனுப்புவோம்." அவ்வளவு போதும். பணம் கேட்கும் வரி இந்தக் கடிதத்தில் வேண்டாம். நிறுவனத்தின் மதிப்பு இவ்வளவு கோடி என்ற பேச்சும் இப்போதைக்கு வேண்டாம்; 400 மாதிரி முடிவு கையில் இருக்கும்போது அந்தப் பேச்சு உங்களுக்குச் சாதகமாக நடக்கும்.

அதுவரை நிறுவனம் ஓட வேண்டும். பைராக் அமைப்பு, புது நிறுவனங்களுக்கு இடமும் உதவியும் தரும் இன்குபேட்டர் மையங்கள் வழியாகப் பங்குக்கு ஈடாகத் தரும் தொடக்க நிதிக்கு விண்ணப்பியுங்கள். நீங்கள் இருக்கும் இன்குபேட்டரிலேயே விவரம் கிடைக்கும்.

ஐப்பசிக்கு இன்னும் எத்தனை வாரம் இருக்கிறது என்று பாருங்கள். புது உறையில் ஒரு பெட்டிப் பட்டைகளை அப்பாவிடம் கொடுத்து, குளக்கரைக் கொட்டகையில் கூரையடியில் தொங்கவிடச் சொல்லுங்கள். வாரத்துக்கு இரண்டு எடுத்துச் சோதித்துத் தேதியோடு குறித்து வையுங்கள்.